பெல் அடிச்சிட்டு ஓடுற பசங்க

இல்ல சார், அந்த வீடியோவை இன்னொரு தடவை போடுங்க. முதல் தடவை கண்ணாடி இல்லாம பாத்துட்டேன். ஆங், எங்க வீட்டு மதில்தான் இது. அதே புங்க மரம். ஏறிட்டான். ஒருத்தன் ஏறி உள்ள குதிச்சுட்டான், அடுத்தவனும் ஏறுறான். அடேங்கப்பா! யூனிஃபார்மோட, பட்டப்பகல்ல! இதை நம்ம நகர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்களா? எனக்கு வரலையே. ஓ, என்னைதான் குரூப்லருந்து தூக்கிட்டீங்கல்ல, மறந்தே போச்சு. எல்லாரும் ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் சொல்லிட்டு இருக்கறப்ப, குப்பை வண்டி ஏன் வரலைன்னு கேட்டுட்டேன். பெரிய தப்பு. பரவால்ல சார், அசோசியேஷன் செக்ரட்டரின்னா நாலு பேரைத் தூக்கினாதான் ஒரு கெத்து.

நிக்காதீங்க, உக்காருங்க ஸ்ரீரங்கன் சார். நான் எழுந்திரிக்கல, தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி வேணும்னா ஃப்ரிட்ஜ்ல இருக்கு, நீங்களே எடுத்துக்கோங்க. பொண்ணு மாளவிகா பூனாலருந்து வந்திருக்கா, கடை வரைக்கும் போயிருக்கா. அவ வந்தா காபி போடச் சொல்றேன்.

ஊருக்கா? நானா? யார் சொன்னது? கேட்ல பூட்டு தொங்கினதைப் பாத்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? சரி, போயிருந்தேன்னே வச்சுக்கோங்க. அருமையான ஊரு சார். ஏசி ரூமு. சாப்பாடு கட்டிலுக்கே வந்துடும். உப்பு மட்டும் இருக்காது. விடியறதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு வந்து எழுப்பி, எப்படி இருக்கீங்கம்மான்னு கேக்கும். நம்ம நகர்ல அப்படி யாராவது கேட்டிருக்காங்களா? திரும்பி வரவே மனசு வரல.

சரி, விஷயத்துக்கு வருவோம். மனு குடுக்கறீங்க. ஸ்கூலோட பின்கேட்டு நம்ம தெருவுல திறக்குது, அதை நிரந்தரமா மூடணும். இந்த ரெண்டு பையனுக்கும் ஒரு பொண்ணுக்கும் டிசி குடுத்து அனுப்பணும். மூணு பேரும் பிளஸ் டூ, மார்ச்ல பப்ளிக் எக்ஸாம். இப்போதைக்கு ஸ்கூலுக்கு வராதேன்னு வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கு. அவ்ளோதான? இதுல என் கையெழுத்து எதுக்கு சார்? நான் யாரு, குரூப்லயே இல்லாதவ.

ஓஹோ. ஸ்கூல் எச்செம்மு ஈவ்லின் மேடம் கேக்கறாங்களா? வீட்டுக்காரங்க புகார் குடுக்காம டிசி குடுக்க மாட்டேன்னுட்டாங்களா? பாருங்க, அந்தம்மாக்கு என்ன கொழுப்பு. அசோசியேஷனே லெட்டர்பேட்ல எழுதிக் குடுக்குது, அது பத்தாதாமா? அப்ப இந்த மூணு பேரோட தலையெழுத்து இப்போ என் பேனாவுல இருக்கு. நினைச்சாலே ஜில்லுன்னு இருக்கு சார். தாம்பரம் ஸ்டேஷன்ல அத்தனை வருஷம் டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருந்தேன், ஒருநாள்கூட எனக்கு இவ்ளோ பவர் இருந்ததில்ல.

போடுறேன் சார், போடாம எங்க போவேன். ஆனா பாதிக்கப்பட்டவன்னு எழுதியிருக்கீங்கல்ல, அப்ப பாதிக்கப்பட்டவ நாலு வார்த்தை பேசணும்ல. நீங்க பேனா எடுங்க. இந்தப் பசங்களோட அராஜகம் பாதிதான் உங்க மனுவுல இருக்கு.

முதல்ல பெல்லு. தெரியாதா உங்களுக்கு? உங்க வீடு எதிர்வாடைல மூணு வீடு தள்ளி இருக்கு, ஆனா உங்க கேமரா எங்க வீட்டு மதிலைதான் பாத்துட்டு இருக்கு. பெல்லு சத்தம் அதுல கேக்காது போல. சாயந்திரம் ஸ்கூல் விட்டதும் பின்கேட் வழியா தபதபன்னு வருவாங்க. அதுல இந்த மூணும் நேரா என் கேட்டுக்கு வந்து காலிங் பெல்லை அமுக்கிட்டு ஓடும். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. இதுங்க ஒன்பதாவது படிக்கறப்ப ஆரம்பிச்சது. மழை, வெயில், யூனிட் டெஸ்ட், எதுக்கும் லீவு கிடையாது. நம்ம கார்ப்பரேஷன் தண்ணிகூட அவ்ளோ கரெக்டா வராது.

நான் சும்மா விடுவேனா? செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்து கிழிச்சு எடுத்துடுவேன். எடுபட்ட பயலுங்களா, கட்டைல போறவனுங்களா, உங்க வாத்தியாரு பாடம் நடத்துறாரா இல்ல பெல் அடிக்கதான் கத்துக் குடுக்குறாரா, நாளைக்கு வாங்கடா, பெல்லுல கரண்ட்டு வைக்கறேன், அப்படியே ஒட்டிக்கினு தொங்குவீங்க. இன்னும் நிறைய இருக்கு, உங்க முன்னால சொல்ல முடியாது. கவுண்டர்ல கத்துக்கிட்டது சார். சில்லறை இல்லாம வந்து சண்டை போடறவன்கிட்ட இங்கிலீஷ்ல எக்ஸ்கியூஸ் மீன்னா சொல்ல முடியும்?

அந்தப் பசங்க என்ன பண்ணும் தெரியுமா? ஓடிட மாட்டாங்க. தெருக்கோடியில அயர்ன் வண்டிக்குப் பின்னாடி நின்னு முழுசா கேப்பாங்க. ஒருநாள் எனக்கு ஜுரம், ஒழுங்கா திட்ட வரல. இந்த ஹரிபிரசாத் இருக்கான் பாருங்க, வீடியோல முதல்ல ஏறுறானே, அவன் அங்கருந்து கத்துறான், இன்னா ஆண்ட்டி, நேத்து சொன்னதையே சொல்றீங்கன்னு. எவ்ளோ திமிர் பாருங்க! எழுதிக்கோங்க. முதியவரின் வசவுகளை விமர்சனம் செய்தனர்னு எழுதுங்க.

ரெண்டாவது பையன் பாலு. வேங்கைவாசல் பக்கம். இவனுக்கு என் கொய்யா மரத்து மேல கண்ணு. பறிக்காதடான்னு சொன்னா, பறிக்கல ஆண்ட்டி, கீழ விழுந்துதுன்னுவான். கீழ விழுந்த கொய்யா எப்படிடா உன் பேன்ட் பாக்கெட்ல ஏறிச்சுன்னு கேட்டேன். இன்னொன்னைக் கடிச்சுக்கிட்டே ஓடிட்டான். மூணாவது வினிதா. பொண்ணு. இவதான் மூளை. பெல்லை அமுக்கறது இவதான், அவனுங்க ரெண்டு பேரும் ஓடறதுக்குதான் லாயக்கு.

என்ன சார் சொன்னீங்க? ரவுடிப் பசங்களா? கண்டிப்பா. வண்டலூர் ஜூல கூட கம்பிக்குள்ளதான வச்சிருக்காங்க, இதுங்களைத் தெருவுல விட்டா என்ன ஆகும்? உங்க பையன் அச்சுதன் காட்டாங்குளத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப சைலன்சரைக் கழட்டிட்டு பைக் ஓட்டுவானே, தெரு முழுக்க கண்ணாடி ஆடும். அது இளமைத் துடிப்பு, அது வேற. அவன் ஃப்ரெண்ட்ஸோட கார்ல வந்து ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் கேக்கை அப்பி, ரோடு பூரா க்ரீம், அது பர்த்டே பார்ட்டி. இவனுங்க கவர்மெண்ட் ஸ்கூலு. சிரிச்சாலே நியூசென்ஸ்தான். இல்ல சார், நான் உங்க கட்சிதான், எதுக்கு முறைக்கறீங்க?

ஸ்கூல் பின்கேட்டை மூடினா பசங்க மெயின் ரோடு சுத்தி வரணும். தெரியும். ட்ரைனேஜுக்குத் தோண்டிப் போட்ட பள்ளம், தண்ணி லாரி, எல்லாம் தாண்டி வரணும். வரட்டுமே. நம்ம தெரு அமைதியா இருக்கணும்ல. ஏற்கனவே எவ்ளோ அமைதி பாருங்க. பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னு கூட தெரியாத அளவுக்கு அமைதி.

அந்த வீடியோவை மறுபடி போடுங்க. நிறுத்துங்க, நிறுத்துங்க. இந்த வினிதா என்ன பண்றா இங்க? மூணு பையையும் மாட்டிக்கிட்டு வீடு வீடா பெல் அடிக்கறா. மனுவுல என்ன எழுதியிருக்கீங்க? ஆள் இல்லாத வீடு எதுன்னு நோட்டம் பாத்தா. சபாஷ். என்ன அறிவு சார் உங்களுக்கு. பேங்க் மேனேஜரா இருந்தவரு சும்மாவா. அப்புறம் இது. பாலு தலையில என் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைக் கவுத்துக்கிட்டு ஓடறான். வீட்டுப் பொருளையும் திருடிச் சென்றனர்னு எழுதியிருக்கீங்க. என் நாற்காலிதான். ஒரு கால்ல பச்சைக் கயிறு கட்டியிருக்கும், நான்தான் கட்டினேன். ஒரு சின்ன சந்தேகம் சார், தப்பா நினைக்காதீங்க. அவன் எந்தப் பக்கம் ஓடறான்? மெயின் ரோட்டுலருந்து என் வீட்டுப் பக்கம்தான வரான்? திருடறவன் வெளிய கொண்டு போவானா, உள்ள கொண்டு வருவானா? சும்மா கேட்டேன். நீங்க பெரியவங்க, சரியாதான் பாத்திருப்பீங்க.

ஸ்கூல்ல கூப்பிட்டு விசாரிச்சப்ப நீங்களும் இருந்தீங்கல்ல? என்ன சொன்னானுங்க? ஏதோ கதை சொன்னானுங்களா? என்ன கதை? ஓ, நீங்க காதுல வாங்கலையா. கரெக்ட் சார். திருட்டுப் பசங்க சொல்ற கதையை எதுக்குக் கேக்கணும். அந்த ஈவ்லின் மேடம் மட்டும் கேட்டுட்டாங்க போல, அதான் வீட்டுக்காரங்க வாயால வரட்டும்னு சொல்லியிருக்காங்க. இந்த ஹெட்மிஸ்ட்ரஸுங்களே இப்படித்தான், தேவையில்லாம கேள்வி கேப்பாங்க. அந்தம்மா கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? அந்த லேடி ஊருக்குப் போயிருக்காங்க, பசங்க புளுகறாங்கன்னா? ம்.

எந்த நாள்லருந்து ஸ்கூலுக்கு வர வேணாம்னு சொன்னாங்க? திங்கக்கிழமையா?

அதான். அதான் திங்கக்கிழமைலருந்து யாரும் வரல. நான் என்னமோ பசங்களுக்கு பரீட்சை, படிக்கறாங்க, ஒரு கிழவியைப் பாக்க எத்தனை நாள்தான் வருவாங்கன்னு நினைச்சுட்டேன். கோபம்கூட வந்துது எனக்கு. பாலு வந்தா பேசக்கூடாதுன்னு இருந்தேன். பாவி, நீங்க இங்க உக்காந்து இந்த வேலை பாத்திருக்கீங்க.

எங்க வரலைன்னா கேக்கறீங்க? நான் போயிருந்த ஊருக்குதான் சார்.

இந்தப் போர்வையை எடுக்கறேன், பயந்துடாதீங்க. இடுப்புலருந்து தொடை வரைக்கும் பிளேட்டு. ஸ்க்ரூ எத்தனைன்னு டாக்டர் சொன்னாரு, நான் கேட்டுக்கல. பின்பக்கம் துணி துவைக்கற இடத்துல பாசி. பத்துப் பாத்திரம் கழுவிட்டு திரும்பினேன், அவ்ளோதான் ஞாபகம். காலையில விழுந்தேன். போனு உள்ள டிவி மேல. கத்துனேன் சார். முடிஞ்ச வரைக்கும் கத்துனேன். தலைக்கு மேல ஏர்ஃபோர்ஸ் ப்ளேன் போச்சு, அந்தப் பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுச்சு, குக்கர் விசில் அடிச்சுது, யாரோ போன்ல சிரிச்சாங்க. எல்லாம் எனக்குக் கேட்டுது. நான் கத்தினது யாருக்கும் கேக்கல. வெயில் மூஞ்சிக்கு வந்து, அப்புறம் சுவத்துக்குப் போச்சு. தண்ணி குழாய் கைக்கு எட்டுற தூரம்தான், எட்டல. நம்ம நகர் ரொம்ப அமைதியான நகர் சார். மனுவுல அதையும் சேத்துக்கோங்க.

அப்புறம் பெல் அடிச்சுது.

எனக்கு அப்பதான் சாயந்திரம் ஆச்சுன்னே தெரிஞ்சுது. திட்டணும்னு வாயத் திறக்கறேன், காத்துதான் வருது. தெருக்கோடியில நின்னிருப்பாங்க, நான் வருவேன்னு. வரல. மறுபடியும் வந்து அடிச்சாங்க. மறுபடியும் நான் வரல. இன்னா மச்சான், ஆண்ட்டி கம்முனு கீதுன்னு ஹரிபிரசாத் கேக்கறது மதிலுக்கு அந்தப் பக்கம் கேக்குது. ஊருக்குப் போயிருக்கும்டான்னு பாலு. வினிதாதான் சொல்றா, லூசு, கேட்டு வெளிய பூட்டல, உள்ளதான் தாப்பா போட்டுகீது, செருப்பு வெளியதான் கீது, ஆண்ட்டி திட்டாம இருக்காது, ஏறுங்கடான்னு. ஏறினாங்க. அதைதான் நீங்க இப்போ எனக்குப் போட்டுக் காட்டினீங்க.

என்னைப் பாத்ததும் ஹரிபிரசாத் அழுதுட்டான். அவ்ளோ பெரிய பையன், மீசை வேற. ஆண்ட்டி திட்டு ஆண்ட்டி, ஏதாவது திட்டு ஆண்ட்டிங்கறான். கஸ்மாலம், தண்ணி குட்றான்னேன். சிரிச்சுட்டான்.

வினிதா ஏன் வீடு வீடா பெல் அடிச்சான்னு இப்ப புரியுதா? 108 வர லேட்டாகும்னுட்டாங்களாம், அதான் கார் இருக்கற வீடு எதுன்னு பாத்து அடிச்சா. பள்ளத்தைப் பாத்துட்டு ஆட்டோக்காரன் எவனும் தெருவுக்குள்ள வர மாட்டான், தெருவுல நிக்கற கார்னா அந்தப் பக்கம் சுத்திப் போயிடலாம். முதல்ல உங்க வீடுதான். உங்க மிஸ்ஸஸ் கீதா மேடம் பால்கனிக்கு வந்து பாத்துட்டு, இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா, போடின்னு விரட்டினாங்களாம். அதையும் உங்க கேமரா பாத்திருக்குமே சார். அந்தப் பக்கம் திருப்பி வைக்கலையா? யாரும் வரல. ஒரு கதவு திறக்கல. அப்புறம் அந்த நாற்காலில என்னை உக்கார வச்சு, துப்பட்டாவால கட்டி, பசங்க ரெண்டு பேரும் பள்ளத்துக்கு மேல போட்டிருந்த பலகை வழியா மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. அந்தத் துண்டு மட்டும் உங்க வீடியோல இல்லையே சார். ஆட்டோல ஏத்திட்டு, பாலு நாற்காலியைத் திருப்பிக் கொண்டு வந்து வராண்டால வச்சு, வீட்டைப் பூட்டி, சாவியை ஆஸ்பத்திரில என் கையில குடுத்தான். நீங்க பாத்த பூட்டு அது. வீட்ல ஒரு கரண்டி காணாமப் போகல. கொய்யா மட்டும் நாலு குறையுது, அது எப்பவும் குறையறதுதான்.

இன்னும் கொஞ்சம் லேட்டாகி இருந்தா அவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால என்ன, நீங்க அஞ்சலி போஸ்ட்டு போட்டிருப்பீங்க. குரூப்ல இல்லன்னாலும் நகரின் மூத்த உறுப்பினர்னு போட்டிருப்பீங்க, ரோஜாப்பூவோட.

ஏன் சார் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? தண்ணி குடிங்க. நான் உங்களை அசிங்கப்படுத்தல, எனக்கு இப்ப பயமாதான் இருக்கு. அந்தப் பசங்க வீட்ல என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு பயமா இருக்கு. திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பியிருக்கீங்க. பாலுவோட அம்மா முனியம்மா நாலு வீட்டுல வேலை செய்யறவ, அந்த நாலு வீட்டுலயும் உங்க வீடியோ போயிருக்கும். வினிதா நர்ஸிங் போகணும்னு சொல்லிட்டு இருந்தா. திருடின்னு டிசில எழுதினா எந்த காலேஜ் சேக்கும்?

மனுவைக் குடுங்க. கையெழுத்து போடறேன்னு சொன்னேன்ல, போடறேன். நடந்ததை மேல இருந்து கீழ வரைக்கும் நானே எழுதி, என் பேரைப் போட்டு, நாளைக்கு காலையில ஈவ்லின் மேடம் கையில குடுக்கறோம். ஆமா, குடுக்கறோம்தான். உங்க கார்ல. கார் பின்சீட்டுல நான் கால நீட்டி உக்காருவேன், நீங்க மெதுவா ஓட்டுங்க. அசெம்பிளில மூணு பேர் பேரையும் மைக்ல சொல்லணும், நீங்க சொல்லணும். குரூப்லயும் போடுங்க. அப்பதான் நான் மறுபடி குரூப்புக்கு வருவேன், வந்து குப்பை வண்டி ஏன்...

இருங்க. கேட்டுதா?

கேக்கலையா? பெல்லு சார், பெல்லு. ஜன்னல்லருந்து எட்டிப் பாருங்க. யூனிஃபார்ம் இல்லையா? கலர் டிரஸ்ஸா? மூணு பேரா? கேட்ல பூட்டு இல்லாததைப் பாத்திருக்குதுங்க. ஸ்கூலுக்கு வராதேன்னுதான சொன்னீங்க, என் பெல்லுக்கு வராதேன்னு யாரும் சொல்லலையே.

அந்தக் கதவுக்குப் பின்னால வாக்கர் இருக்கு, எடுத்துக் குடுங்க. சீக்கிரம் சார். நான் போய் திட்டலைன்னா சுவரேறி குதிச்சுடும்ங்க.